குளச்சல்: கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், சொல்லிக்கொண்டே இருக்கிறேன்

கன்னியாகுமரி மாவட்டத்தில் வரலாறு கற்பிக்கிறவளுக்கு இரண்டு வகையான கேள்விகள் வரும். ஒன்று வகுப்பில் பிள்ளைகள் கேட்பது. மற்றது விடுமுறைக்கு முந்தைய வாரம் மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் உறவினர்கள் தொலைபேசியில் கேட்பது. குளச்சலைப் பற்றி இரு தரப்பும் கேட்பவற்றை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சண்டைக்கு இழுக்கும் கேள்விகள் கடைசியில்.

குளச்சல் எங்கே இருக்கிறது? கன்னியாகுமரிக்குப் பக்கமா?

மாவட்டத்தின் பெயரைக் கேட்டுவிட்டு, முனையிலிருந்து நடந்து போய்விடலாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. கல்குளம் வட்டத்தில், அரபிக்கடல் ஓரத்தில் இருக்கும் நகராட்சி குளச்சல். நாகர்கோவிலிலிருந்து மேற்கே சுமார் 20 கிலோமீட்டர். கன்னியாகுமரி முனையிலிருந்து அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம். திருவள்ளுவர் சிலையையும் குளச்சலையும் ஒரே மாலையில் பார்க்கத் திட்டமிட வேண்டாம்.

எப்படிப் போவது அக்கா? ரயில் உண்டா?

குளச்சலுக்கு ரயில் நிலையம் கிடையாது. நாகர்கோவில் – திருவனந்தபுரம் தடத்தில் உள்ள இரணியல்தான் பக்கத்து நிலையம். எல்லா ரயிலும் அங்கே நிற்காது என்பதால், நாகர்கோவிலில் இறங்கி பஸ் பிடிப்பது சுலபம். தக்கலையிலிருந்து வருகிறவர்கள் திங்கள்நகர் வழியாக வரலாம். திருவனந்தபுரத்திலிருந்து வந்தால் மார்த்தாண்டம் அல்லது தக்கலையில் இறங்கி மாறுவது வழக்கம்.

வந்தால் பார்க்க அங்கே என்னதான் இருக்கிறது?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். குளச்சல் உல்லாசக் கடற்கரை அல்ல. வேலை நடக்கிற ஊர். மீன்பிடித் துறைமுகம், விசைப்படகுகள், வள்ளங்கள், வலை பின்னுகிறவர்கள், ஐஸ் ஏற்றும் லாரிகள், ஏலம் கூவும் குரல்கள் என்று காலை நேரம் கண்ணுக்கும் காதுக்கும் நிறைவாக இருக்கும். மூக்கைப் பற்றி உத்தரவாதம் தர முடியாது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஏலக்கூடத்துக்குள் போகிறவரைத் தடுக்கவும் மாட்டேன்.

அதைத் தாண்டி 1741ஆம் ஆண்டுப் போரின் நினைவாக நிற்கும் வெற்றித்தூண், கரையோரத் தேவாலயம், நகருக்குள் முஸ்லிம் வணிகர்களின் பழைய தெருக்கள், ஆழிப்பேரலையில் இறந்தவர்களின் நினைவிடங்கள். இவற்றை நடந்தே பார்க்கலாம். ஆனால் குளச்சலின் வரலாறு குளச்சலுக்குள் மட்டும் இல்லை. அதன் பாதி உதயகிரிக் கோட்டையிலும் பத்மநாபபுரத்திலும் கிடக்கிறது. அந்த இரண்டையும் விட்டுவிட்டுத் தூணை மட்டும் பார்த்துத் திரும்புகிறவர்கள்தான், 'ஒரு கல் தூண், அவ்வளவுதான்' என்று சொல்கிறவர்கள்.

குளச்சல் போர் என்பது என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள், டீச்சர்.

1729 முதல் 1758 வரை ஆண்ட திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கும் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைக்கும் 1741இல் நடந்த போர். கம்பெனிப் படை இலங்கையிலிருந்து கப்பலில் வந்து குளச்சலில் இறங்கி, அங்கே ஒரு தற்காலிக அரணை அமைத்துக்கொண்டு, இரணியல், கல்குளம் பக்கமாக உள்ளே முன்னேறியது. மன்னர் அப்போது வடக்கே வேறு போர்களில் இருந்தார். செய்தி கிடைத்ததும் தெற்கே திரும்பினார். தளவாய் ராமய்யனின் பங்கு இதில் பெரிது. டச்சுப் படை பின்வாங்கித் தன் அரணுக்குள் அடைபட்டது, முற்றுகையில் சரணடைந்தது.

இதில் வீரம் எவ்வளவு, பருவமழை எவ்வளவு என்று பிள்ளைகளிடம் நான் கேட்பதுண்டு. ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் கடல் எப்படி இருக்கும் என்று இந்தக் கரையில் பிறந்தவர்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் கப்பல் கரையை நெருங்குவதும் ஆள் இறக்குவதும் அரும்பாடு. அடைபட்டவர்களுக்குக் கடல் வழியே உதவி வருவது கடினமாக இருந்தது. அத்துடன் வெடிமருந்தில் தீப்பிடித்து அரிசி இருப்பும் எரிந்துபோனது. கம்பெனியின் ஆசியத் தலைமையகமான பத்தாவியாவிலிருந்து (இன்றைய ஜகார்த்தா) பெரும்படை வரும் என்ற நம்பிக்கைக்கும் இடமில்லை. அதே காலத்தில் ஜாவா தீவில் கம்பெனி இன்னொரு போரில் சிக்கியிருந்தது. மார்த்தாண்ட வர்மா இந்தச் சூழலைச் சரியாகக் கணித்தார் என்பதைத்தான் நான் அவருடைய திறமை என்று சொல்வேன்.

ஹாலந்து எங்கே, குளச்சல் எங்கே? டச்சுக்காரர்கள் எதற்காக இங்கே வந்தார்கள்?

மிளகு. வேறு எந்தக் காரணத்தைச் சொன்னாலும் கடைசியில் மிளகில்தான் வந்து முடியும். கொச்சியைப் போர்ச்சுகீசியரிடமிருந்து 1663இல் கைப்பற்றிய டச்சுக் கம்பெனி, மலபார்க் கரையின் சிறு அரசர்களிடம் ஒப்பந்தம் போட்டு, தான் சொன்ன விலையில் மிளகு வாங்கிவந்தது. பல சிறு அரசர்கள் இருக்கும்வரை இது நடக்கும். மார்த்தாண்ட வர்மா அந்த அரசுகளை ஒவ்வொன்றாகத் தன் நாட்டுடன் சேர்க்கத் தொடங்கியதும் கம்பெனிக்கு வயிற்றில் புளி கரைந்தது. மிளகு விளையும் நாடு முழுவதும் ஒரே அரசன் கையில் போனால், விலை சொல்கிறவன் அவனாகிவிடுவான்.

இலங்கையின் டச்சு ஆளுநராக இருந்த வான் இம்ஹாப் 1739இல் மன்னரை நேரில் சந்தித்தும் பேச்சு பலிக்கவில்லை. கொட்டாரக்கரையை ஆண்ட இளையடத்து ஸ்வரூபத்தின் ராணிக்கு ஆதரவாகக் கம்பெனி இறங்கியது. அந்தப் பகைதான் இரண்டு ஆண்டுகளில் குளச்சல் கரையில் வந்து வெடித்தது.

மீனவர்கள் துடுப்பைத் துப்பாக்கிபோலத் தோளில் வைத்து நின்று டச்சுக்காரர்களை ஏமாற்றினார்களாமே?

எங்கள் ஊர்களில் பாட்டிமார் சொல்லும் கதை இது. கரையில் முக்குவர்கள் வரிசையாகத் துடுப்புகளைத் தோளில் சாய்த்து நிற்க, கப்பலிலிருந்து பார்த்தவர்கள் பெரும்படை என்று மிரண்டார்களாம். இதை வாய்மொழிக் கதை என்ற பெயரிலேயே சொல்லுங்கள். பாடநூல் உண்மையைப் போலச் சொல்ல வேண்டாம். ஆனால் சிரித்துத் தள்ளவும் வேண்டாம். அரச வரலாறு மன்னர், தளவாய், தளபதி என்று மூன்று பெயர்களோடு நின்றுவிடுகிறது. அந்தக் கரையில் வாழ்ந்தவர்களுக்கு அதில் ஓர் இடம் வேண்டும் என்று ஒரு சமூகம் நினைத்திருக்கிறது. அந்த இடத்தைக் கதையால் பிடித்துக்கொண்டது.

தோற்றுப்போன டச்சுத் தளபதியே நம் நாட்டுப் படைக்குத் தளபதி ஆனார் என்பது உண்மையா?

உண்மை. யூஸ்டாஷியஸ் டி லனாய் என்பது அவர் பெயர்; எங்கள் பக்கம் டிலனாய் என்போம். பிடிபட்டபின் மார்த்தாண்ட வர்மாவின் பணியில் சேர்ந்தார். படைவீரர்களுக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்தார், பீரங்கி வார்க்கும் வேலையை மேற்பார்த்தார், கோட்டைகளைத் திருத்திக் கட்டினார். படிப்படியாக உயர்ந்து 'வலிய கப்பித்தான்', அதாவது பெரிய கேப்டன், என்று அழைக்கப்படும் நிலைக்கு வந்தார். கன்னியாகுமரிக்கு வடகிழக்கே கடலைத் தொட்டு நிற்கும் வட்டக்கோட்டை இன்றிருக்கும் வடிவம் பெற்றதிலும், வடக்கு எல்லையில் எழுந்த நெடுங்கோட்டையிலும் அவர் கை உண்டு.

1777இல் இறந்தார். உதயகிரிக் கோட்டைக்குள் இடிந்த சிற்றாலயம் ஒன்றில் அவருடைய கல்லறை இருக்கிறது. கல்வெட்டில் லத்தீனும் தமிழும் இருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவேன். பக்கத்தில் அவருடைய மனைவியும் மகனும். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இந்த மண்ணில் வாழ்ந்தவரை இன்னும் 'டச்சுத் தளபதி' என்றே அழைக்கிறோம்.

நாங்கள் டச்சுக் கோட்டையைப் பார்த்துவிட்டோம், புலியூர்க்குறிச்சியில் இருக்கிறதே?

நீங்கள் பார்த்தது உதயகிரிக் கோட்டை. அது டச்சுக்காரர்கள் கட்டியது அல்ல; திருவிதாங்கூரின் கோட்டை. டிலனாய் அங்கே வாழ்ந்து, அங்கேயே அடக்கமானதால் 'டிலனாய்க் கோட்டை' என்ற பெயர் நிலைத்து, அதிலிருந்து 'டச்சுக் கோட்டை' என்ற குழப்பம் பிறந்தது. குளச்சலில் டச்சுக்காரர்கள் அமைத்த அரண் அவசரத்துக்கு எழுப்பியது. இன்று கண்ணால் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை.

உதயகிரி, தக்கலைக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. ஒரு குன்றைச் சுற்றி எழுப்பிய கருங்கல் மதில். உள்ளே சுமார் 90 ஏக்கர். வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்காவாக இருப்பதால் பலர் மானையும் வாத்தையும் பார்த்துவிட்டுக் கல்லறையைப் பார்க்காமல் திரும்பிவிடுகிறார்கள். வாசலில் கேட்டு உள்ளே போங்கள்.

பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டில்தானே இருக்கிறது? டிக்கெட்டில் ஏன் கேரள அரசு என்று போட்டிருக்கிறது?

1956 நவம்பர் 1 வரை இந்த மாவட்டம் முழுவதும் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தது. மார்ஷல் நேசமணி போன்றோர் முன்னின்ற நீண்ட போராட்டத்துக்கும், 1954 ஆகஸ்டில் நடந்த துப்பாக்கிச்சூட்டு உயிரிழப்புகளுக்கும் பிறகு, அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழகத்துடன் சேர்ந்தன. அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் தொடர்கிறது. நிலம் இங்கே, நிர்வாகம் அங்கே. பராமரிப்பைப் பார்த்தால் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

திங்கட்கிழமை விடுமுறை. இதைச் சொல்லியும் திங்கட்கிழமை போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு என்னையே திட்டியவர்கள் இருக்கிறார்கள். மரவேலைக்காகவே அரை நாள் ஒதுக்கலாம். திருவிதாங்கூரின் தலைநகர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரை இங்கேதான் இருந்தது.

தேவசகாயம் பிள்ளைக்கும் குளச்சல் போருக்கும் என்ன தொடர்பு?

நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தபோது டிலனாயுடன் பழகினார். அந்தப் பழக்கத்தின் வழியே கிறிஸ்தவத்தை அறிந்து 1745இல் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். பின்பு அரசின் கோபத்துக்கு ஆளாகி, ஊர் ஊராக இழுத்துச் செல்லப்பட்டு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உடல் கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் அடக்கமானது. 2022 மே 15இல் வாட்டிகனில் புனிதராக அறிவிக்கப்பட்டார். டிலனாயைச் சிறைப்பிடித்து உயர்த்திய அதே மன்னரின் ஆட்சியில்தான் இதுவும் நடந்தது என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் ஒரு கேள்விக்கு இது தேவைப்படும்.

குளச்சல் முழுவதும் கிறிஸ்தவர்கள்தானா?

இல்லை. கரையோரம் பெரும்பாலும் கத்தோலிக்க மீனவர்கள். 1544இல் புனித பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரை நெடுகிலும் நடந்து ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாகத் தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். நகர்ப் பகுதியில் முஸ்லிம்கள் கணிசமாக வாழ்கிறார்கள். துறைமுக வணிகத்தோடு பிணைந்த சமூகம் அது. சற்று உள்ளே போனால் இந்துக் குடும்பங்கள். கிழக்கே சில கிலோமீட்டரில் மண்டைக்காடு பகவதி அம்மன் கோவில். பெண்கள் இருமுடி கட்டி வருவதால் 'பெண்களின் சபரிமலை' என்று பெயர். மூலவராக வளர்ந்த புற்று. மாசிக் கொடையின்போது வந்தால் பஸ்ஸில் நிற்க இடம் கிடைப்பதே அருள்தான்.

கடலில் இறங்கிக் குளிக்கலாமா? பிள்ளைகள் கேட்கிறார்கள்.

நான் வேண்டாம் என்பேன். மணல் சட்டென்று ஆழமாகும், பாறைகள் உண்டு, இழுப்பு அதிகம். ஜூன் முதல் செப்டம்பர் வரை சொல்லவே வேண்டாம். மழையும் காற்றும் இல்லாத நல்ல வெயில் நாளில் கூடக் 'கள்ளக்கடல்' வரும். எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் வீசிய புயல்காற்றின் அலைகள், முன்னறிகுறி இல்லாமல் இங்கே வந்து எழும்பும். 2024 மே மாதம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் உயிரிழந்தது அப்படியொரு எச்சரிக்கை நாளில்தான். ஐதராபாத்திலுள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. கரையில் நிற்கும் மீனவரிடம் கேட்டாலும் சொல்வார். அவர் 'போகாதே மக்களே' என்றால் போகக் கூடாது.

எந்த மாதம் வந்தால் மீன் மலிவாகக் கிடைக்கும்?

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது வராதீர்கள். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம். சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரைக் கணக்கு. ஒரே மாவட்டத்தில் ஒரு துறைமுகம் தூங்கும்போது இன்னொன்று விழித்திருக்கும். தடை முடிந்த ஆகஸ்டில் கணவாயும் கிளிமீனும் குவியும். தடைக்காலத்திலும் வள்ளங்கள் கடலுக்குப் போவதால் சாளையும் நெத்திலியும் அகப்படும், விலைதான் முறைக்கும்.

சாப்பிட என்ன வாங்கலாம்?

மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும். தேங்காய் அரைத்த குழம்பு. மற்றதெல்லாம் பிறகு. ஊருக்குக் கொண்டுபோக நேந்திரங்காய் சிப்ஸும் முந்திரிக்கொத்தும்.

கரையில் மணல் ஏன் கறுப்பாக இருக்கிறது? தொட்டால் ஆபத்தா?

மணவாளக்குறிச்சியை ஒட்டிய கரையில் இல்மனைட், ருட்டைல், சிர்க்கான், கார்னெட், மோனசைட் ஆகிய கனிமங்கள் மணலோடு கலந்து கிடக்கின்றன. கறுப்பு பெரும்பாலும் இல்மனைட்டால். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கவனித்து இதைக் கண்டுபிடித்தார் என்பது வரலாறு. அந்தக் காலத்தில் தோரியத்தின் தேவை அணுசக்திக்காக அல்ல. வாயு விளக்கில் ஒளிரும் வலையான மேன்டிலுக்காக. இன்று பொதுத்துறை நிறுவனமான ஐஆர்இஎல் மணவாளக்குறிச்சியில் ஆலை நடத்துகிறது.

நடப்பதால் ஒன்றும் ஆகாது. பாட்டிலில் அள்ளிக்கொண்டு போக வேண்டாம். மோனசைட் அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ள கனிமம். இங்கேயே வாழ்கிறவர்களின் கவலை வேறு: இயற்கைக் கதிர்வீச்சு, மணல் அள்ளுவதால் கரை அரிப்பு, வீடு போய்விடுமோ என்ற பயம். கிள்ளியூர்ப் பகுதியில் புதிதாக மணல் எடுக்கும் திட்டத்துக்குக் கடற்கரை ஊர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததும் இதனால்தான். சுற்றுலா வருகிறவரின் ஒரு மணி நேரத்தையும் அவர்களுடைய ஆயுளையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

ஊருக்குள் ஒரு பழைய கால்வாய் தெரிகிறதே, அது என்ன?

ஏ.வி.எம். கால்வாய். அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய் என்பது முழுப்பெயர். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிவரை படகுப் போக்குவரத்துக்காக 19ஆம் நூற்றாண்டில் வெட்டத் தொடங்கியது. திட்டமிட்டபடி முழுதாக முடியவில்லை. வேலை நடந்த இடங்களிலும் பின்பு தூர்ந்தும் ஆக்கிரமிப்பிலும் பெரும்பகுதி போய்விட்டது.

2004 டிசம்பர் 26 அன்று குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் ஆழிப்பேரலை ஏறியபோது, உள்ளே ஓடியவர்கள் பலருக்கு இந்தக் கால்வாய் குறுக்கே வந்தது. கடந்து போக வழியில்லாமல் அதிலேயே மூழ்கினார்கள். இறந்தவர்களில் குழந்தைகளும் பெண்களும் அதிகம். நினைவிடங்களுக்குப் போனால் செல்ஃபி எடுக்காதீர்கள். அங்கே பூ வைக்க வருகிறவர்கள் வெளியூர்க்காரர்கள் அல்ல.

இயற்கைத் துறைமுகம் என்கிறார்கள். அப்படியானால் குளச்சல் ஏன் தூத்துக்குடி போல வளரவில்லை?

இயற்கைத் துறைமுகம் என்பதற்குப் பாய்மரக் காலத்தில் ஒரு பொருள், இன்று ஒரு பொருள். கரைக்கு முன்னால் உள்ள பாறைகள் அலையை ஓரளவு தடுப்பதால் அன்றைய கப்பல்கள் சற்றுத் தள்ளி நங்கூரம் போடும். தோணிகள் சரக்கைக் கொண்டுபோய்க் கொடுக்கும். அந்த அளவுக்குக் குளச்சல் போதுமானது. நீராவிக் கப்பல் பெரிதாகப் பெரிதாக, கப்பலை அணைத்து நிறுத்தும் மேடையும் ஆழமும் தேவைப்பட்டன.

திருவிதாங்கூர் அரசு தன் பணத்தையும் கவனத்தையும் ஆலப்புழையில் வைத்தது. பிறகு பிரிஸ்டோ என்ற பொறியாளர் கொச்சியை ஆழப்படுத்தி நவீனத் துறைமுகமாக்கினார். 1956இல் மாநிலம் மாறியதும், திருவிதாங்கூரின் தென்கோடியாக இருந்த குளச்சல் தமிழ்நாட்டின் தென்கோடியானது. அந்தப் பக்கம் தூத்துக்குடி 1974இல் பெருந்துறைமுகம் ஆனது. இரண்டு அரசுகளுக்கும் கடைசிப் பிள்ளையாகவே இருந்துவிட்டது எங்கள் ஊர். இன்றும் அரசு ஏட்டில் அது சிறு துறைமுகம். நடப்பில் மீன்பிடித் துறைமுகம்.

இனயத்தில் பெரிய துறைமுகம் வரப்போகிறது என்றார்களே, அது என்ன ஆயிற்று?

2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது. குளச்சலுக்கு மேற்கே உள்ள இனயம் இடமாகச் சொல்லப்பட்டது. மீனவ கிராமங்கள் ஒட்டுமொத்தமாக எதிர்த்தன. பின்பு கன்னியாகுமரி அருகே கோவளம் – கீழமணக்குடிக்கு இடம் மாற்றினார்கள், அங்கும் எதிர்ப்பு. துறைமுகம் கட்டப்படவில்லை. இதற்கிடையே திருவனந்தபுரம் அருகே விழிஞ்ஞம் துறைமுகத்தின் முதல் கட்டம் முடிந்து 2025 மே மாதம் முறைப்படி திறக்கப்பட்டது. இவ்வளவு பக்கத்தில் இன்னொன்று எதற்கு என்ற கேள்வி இப்போது இன்னும் வலுவாகிவிட்டது.

வேலை வாய்ப்பை எதிர்க்கிறார்கள் என்று தொலைவிலிருந்து சொல்வது எளிது. இந்தக் கரையில் அலையைத் தடுக்கக் கடலுக்குள் ஒரு கல்சுவர், 'தூண்டில் வளைவு', போட்டாலே அடுத்த ஊரின் மணல் அரித்துப்போவதைக் கண்டவர்கள் அவர்கள். தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து படகுகள் கவிழ்ந்து ஆட்கள் இறந்ததையும் பார்த்தவர்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் கடலுக்குப் போன ஆட்கள் திரும்பாமல் காத்திருந்தவர்கள். திட்ட அறிக்கையை நம்பு என்று அவர்களிடம் சொல்ல என்னால் முடியாது.

ஐரோப்பியரைத் தோற்கடித்த முதல் ஆசிய நாடு திருவிதாங்கூர்தான், இல்லையா டீச்சர்?

மேடைப் பேச்சில் அப்படித்தான் சொல்வார்கள், கைதட்டலும் விழும். ஆனால் 1662இலேயே கொக்சிங்கா என்ற சீனத் தளபதி தைவானிலிருந்து இதே டச்சுக் கம்பெனியை வெளியேற்றிவிட்டார். 1698இல் ஓமானியர் கிழக்கு ஆப்பிரிக்காவின் மொம்பாசாக் கோட்டையைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்தார்கள். குளச்சலுக்கு இரண்டே ஆண்டு முன்னால், 1739இல், மராத்தியர் மும்பைக்கு வடக்கே உள்ள வசாய்க் கோட்டையைப் போர்ச்சுகீசியரிடமிருந்து எடுத்தார்கள். ஆகவே 'முதல்' என்பது நிற்காது.

'முதல்' என்ற பட்டம் இல்லாவிட்டால் குளச்சலின் பெருமை குறைந்துவிடுமா? ஒரு சிறிய அரசு, உலகின் பெரிய வணிகக் கம்பெனிகளில் ஒன்றின் படையைச் சரணடையச் செய்தது. பிடிபட்டவனையே ஆசிரியனாக்கித் தன் படையை மாற்றியமைத்தது. மிளகு வணிகத்தைத் தன் கையில் எடுத்தது. இது போதாதா?

அந்தத் தோல்வியோடு டச்சுக்காரர்கள் இந்தியாவை விட்டே போய்விட்டார்களாமே?

போகவில்லை. 1753இல் மாவேலிக்கரை உடன்படிக்கையில் கையெழுத்திட்டு, திருவிதாங்கூரின் போர்களில் தலையிடுவதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். மிளகுக்குப் பதிலாக ஆயுதம் கொடுக்கவும் சம்மதித்தார்கள். கொச்சி 1795 வரை அவர்கள் கையில் இருந்தது. நாகப்பட்டினம் 1781 வரை. அங்கிருந்தெல்லாம் அவர்களை வெளியேற்றியது ஆங்கிலேயர். குளச்சல் உடைத்தது மலபார் மிளகின் மீது ஏகபோகம் கொள்ளலாம் என்ற அவர்களுடைய கனவை. மேலே மிளகுக் கேள்விக்குச் சொன்னதை இதோடு சேர்த்துப் படித்தால் கணக்குச் சரியாகும்.

மார்த்தாண்ட வர்மா மலையாள ராஜாதானே? தமிழர்கள் எதற்காகக் கொண்டாட வேண்டும்?

அவருடைய தலைநகர் இன்றைய தமிழ்நாட்டில். படையில் நாயர் வீரர்களோடு திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த மறவர் படையும் இருந்தது. கல்குளம், நாஞ்சில் நாட்டு நெல்லில்தான் அரசு நடந்தது. இன்றைய மாநில எல்லையை 18ஆம் நூற்றாண்டின் மீது விரித்துப் பார்த்தால் எதுவும் பொருந்தாது.

கொண்டாடுவதா வேண்டாமா என்பது வேறு விஷயம். தேவசகாயம் பற்றிச் சொன்னதை நினைவுபடுத்துகிறேன். தன்னை எதிர்த்த எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற நாயர் பிரபுக்களை மன்னர் எப்படி ஒழித்தார் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. அவருக்குப் பின் நூறு ஆண்டுகள் கழித்தும், இதே திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுக்கும் உரிமைக்காகப் போராட வேண்டியிருந்தது. 1859இல்தான் அரசு ஓரளவு இறங்கிவந்தது. அந்தப் பெண்களின் பேத்திகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். குளச்சல் வெற்றியை அவர்களுக்குச் சொல்வேன்; சேர்த்து இதையும் சொல்வேன்.

போர் முடிந்த தேதி ஜூலை 31ஆ, ஆகஸ்ட் 10ஆ?

இரண்டும் அச்சில் உண்டு. ராணுவத்தில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 9ஆவது பட்டாலியன், பழைய திருவிதாங்கூர் நாயர் படையின் வழிவந்தது. அவர்கள் ஜூலை 31ஐக் குளச்சல் நாளாகக் கொள்கிறார்கள். வரலாற்று நூல்களில் 1741 ஆகஸ்ட் 10 அதிகம் காணப்படுகிறது. போட்டித் தேர்வு எழுதுகிற பிள்ளைகள் தங்கள் பாடநூலில் உள்ள தேதியை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகட்டும்.